தகுதியில்லாமல் ஆஸ்கர் வென்ற படங்கள் எவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமா பேசும் இடங்களிலெல்லாம் ஆண்டுதோறும் தவறாமல் கிளம்பும் சண்டை இது. சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய படங்களில் அதற்குக் கொஞ்சமும் தகுதியில்லாதது எது? பல ஆண்டுகளாக இந்த வாதத்தில் கலந்துகொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே தருகிறேன். எங்கும் குறிப்பிடும் ஆண்டு, படம் போட்டியிட்ட ஆண்டு. விழா பெரும்பாலும் அதற்கு அடுத்த ஆண்டில் நடந்திருக்கும்.

ஒரு படத்துக்குத் தகுதியில்லை என்று எதை வைத்துச் சொல்வது?

இந்த வாதம் குழம்பிப் போவதற்குக் காரணமே இரண்டு வெவ்வேறு குற்றச்சாட்டுகளை ஒன்றாகக் கட்டிவிடுவதுதான். 'இதைவிடச் சிறந்த படம் அந்த ஆண்டு இருந்தது' என்பது ஒன்று. 'இந்தப் படம் எந்த ஆண்டிலும் வென்றிருக்கக் கூடாது' என்பது இன்னொன்று. முதல் குற்றச்சாட்டு விருது கொடுத்தவர்கள் மீதானது. இரண்டாவதுதான் படத்தின் மீதானது.

நல்ல படமொன்று தன்னைவிடப் பெரிய படத்தைத் தோற்கடித்துவிட்டால், காலம் முழுவதும் வசவு வாங்குகிறது. அது செய்த தவறு ஒன்றுமில்லை, போட்டியில் இருந்ததைத் தவிர. மறுபக்கம், உப்புச் சப்பில்லாத படம் வலுவான எதிரி இல்லாத ஆண்டில் வென்றுவிட்டால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. 1931இல் வென்ற 'சிமரோன்' படத்தை இன்று யார் திட்டுகிறார்கள்? நிலத்தைப் பிடிக்கக் குதிரைகளும் வண்டிகளும் பாய்ந்தோடும் தொடக்கக் காட்சி தவிர அதில் நிற்பது குறைவு. மறக்கப்பட்டதால் தப்பித்துக்கொண்டது.

'சிட்டிசன் கேன்' தோற்றதுதானே ஆஸ்கர் வரலாற்றின் மிகப் பெரிய அநீதி?

அநீதி என்பதில் எனக்கு மறுப்பில்லை. 1941ஆம் ஆண்டுக்கான போட்டியில் ஆர்சன் வெல்ஸின் அந்தப் படம் ஒன்பது பரிந்துரைகள் பெற்று, அசல் திரைக்கதை என்ற ஒரே ஒரு விருதோடு திரும்பியது. நாயகனிடம் தன் சாயலைக் கண்ட பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், தன் பத்திரிகைகளில் படத்தைப் பற்றிய பேச்சே வராமல் அடைத்தார். ஹாலிவுட்டில் பலருக்கும் இளைஞரான வெல்ஸ் மேல் எரிச்சல் இருந்தது.

ஆனால் வென்ற படம் எது என்று கேளுங்கள். ஜான் ஃபோர்டின் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி'. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமம் ஒன்றின் கதை. நான் அதை முதல்முறை பார்க்க உட்கார்ந்தபோது மனதில் வெறுப்புதான் இருந்தது. 'கேன்' படத்தைத் தோற்கடித்த படம் என்பதைத் தவிர வேறொன்றும் அதைப் பற்றி எனக்குத் தெரியாது. பாதிப் படத்துக்குள் வெறுப்பு கரைந்துவிட்டது.

அதில் ஒரு திருமணக் காட்சி வருகிறது. ஆங்கரட் என்ற பெண் தான் விரும்பாத பணக்கார வீட்டுப் பையனை மணந்துகொண்டு தேவாலயத்திலிருந்து வெளியே வருகிறாள். அவள் முக்காட்டின் மெல்லிய துணி காற்றில் எழும்பி வானத்தை நோக்கிப் பறக்கிறது. அவள் முகத்தில் சிரிப்பில்லை. வண்டி போன பிறகு, தூரத்தில் ஒரு மரத்தடியில், அவள் விரும்பிய பாதிரியார் நிழலுருவாக நிற்பது தெரிகிறது. அவர் முகத்தை ஃபோர்டு நமக்குக் காட்டவே இல்லை. ஒரு வசனமும் கிடையாது. இப்படியொரு காட்சியை வைத்திருக்கும் படத்தைத் 'தகுதியில்லாதது' பட்டியலில் சேர்ப்பவர் அதைப் பார்க்காமலே பேசுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வேன். தவறு வாக்களித்தவர்களுடையது. படத்தை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு உண்மையிலேயே உரிய படம் எது?

பழைய படங்களில் என் தேர்வு 1952இன் 'தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்'. செசில் பி. டெமில் இயக்கிய சர்க்கஸ் படம். இரண்டரை மணி நேரம். யானைகள், அந்தரத்தில் ஊஞ்சலாடும் கலைஞர்கள், இறுதியில் ரயில் விபத்து. கோமாளியாக வரும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் படம் முழுவதும் முகச்சாயத்தைக் கலைப்பதே இல்லை. அந்தப் பாத்திரத்தில் ஒரு நல்ல சிறுகதை ஒளிந்திருக்கிறது. மீதியெல்லாம் சர்க்கஸ் நிகழ்ச்சியைப் படம்பிடித்து நடுநடுவே காதல் தகராறுகளைச் செருகியது.

அந்த ஆண்டு எதிரே நின்றது 'ஹை நூன்'. எண்பத்தைந்து நிமிடப் படம், கதையும் கிட்டத்தட்ட அதே அளவு நேரத்தில் நடக்கிறது. பழிவாங்க வருபவன் ஏறிய ரயில் நண்பகலில் வந்து சேரும். ஊர்க்காவலர் வீடு வீடாகப் போய் உதவி கேட்கிறார், ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லி ஒதுங்குகிறார்கள். கடைசியில் வெறிச்சோடிய தெருவில் கேரி கூப்பர் தனியாக நிற்க, கேமரா பின்வாங்கி மேலே மேலே எழும்புகிறது. ஊர் முழுக்கத் தெரிகிறது, ஊரில் ஒரு மனிதர்கூடத் தெரியவில்லை.

இதன் திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனை, கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு 1951இல் விசாரணைக்கு அழைத்தது. சக கலைஞர்களின் பெயர்களைச் சொல்ல அவர் மறுத்தார். ஹாலிவுட்டில் வேலை அடைபட்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். டெமிலோ இயக்குநர்கள் எல்லோரும் தாங்கள் கம்யூனிஸ்ட் இல்லை என்ற விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று 1950இல் முன்நின்று வற்புறுத்தியவர். இந்தச் சூழலில் எந்தப் படத்துக்கு வாக்களிப்பது பாதுகாப்பாகத் தோன்றியிருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

டெமிலின் வாழ்நாள் உழைப்புக்கு மரியாதை செய்ய நினைத்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்த வாதம் நிற்காது. அதே இரவில் அவருக்கு இர்விங் தால்பெர்க் நினைவு விருது தனியாகக் கொடுக்கப்பட்டது. மரியாதை அதிலேயே முடிந்துவிட்டது. சிறந்த இயக்குநர் விருதைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை, அது ஃபோர்டுக்குப் போனது. இன்னொன்றும் நெஞ்சை அறுக்கிறது: அந்த ஆண்டின் 'சிங்கிங் இன் தி ரெயின்' சிறந்த படத்துக்கான ஐந்து பரிந்துரைகளில் ஒன்றாகக்கூட வரவில்லை.

'அரவுண்ட் தி வேர்ல்ட் இன் எய்ட்டி டேஸ்'?

ஆம், 1956இன் அந்தப் படமும் இதே வரிசைதான். பிரபலங்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நீண்ட சுற்றுலா. அதே ஆண்டில் வந்த ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' எந்தப் பிரிவிலும் பரிந்துரை பெறவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

'காந்தி' 'ஈ.டி.'யை வென்றது சரியா?

ஏற்றுக்கொள்ளலாம். 'காந்தி' முறையாகக் கட்டப்பட்ட பெரிய படம், பென் கிங்ஸ்லியின் நடிப்பு இன்றும் நிற்கிறது. திரைமொழியை வைத்துப் பார்த்தால் எனக்கு 'ஈ.டி.' ஒரு படி மேல். ஆனாலும் இதை அநீதிகளின் கணக்கில் எழுத மாட்டேன்.

'ஷேக்ஸ்பியர் இன் லவ்' பணத்தால் வாங்கிய விருதுதானே?

1998க்கான போட்டியில் அந்தப் படத்துக்காக மிராமேக்ஸ் நிறுவனமும் அதன் தலைவர் ஹார்வி வைன்ஸ்டீனும் நடத்திய பிரச்சாரம் அதுவரை காணாத வேகத்தில் இருந்தது உண்மை. விருதுக்குப் படம் காட்டுவது தேர்தல் வேலை போல ஆனதற்கு அந்த ஆண்டைத்தான் பலரும் சுட்டுகிறார்கள். 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்துக்காக ஸ்பீல்பெர்க் சிறந்த இயக்குநராக அறிவிக்கப்பட்ட சற்று நேரத்தில், ஹாரிசன் ஃபோர்டு உறையைப் பிரித்து அதற்குப் பதில் வேறொரு படத்தின் பெயரைப் படித்தபோது எழுந்த அதிர்ச்சி இன்னும் பேசப்படுகிறது.

இருந்தாலும் இந்தப் படத்துக்காக வாதாட நான் தயார். டாம் ஸ்டாப்பர்டும் மார்க் நார்மனும் எழுதிய திரைக்கதை நகை வேலை போன்றது. நாடகம் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சிரிப்பும் காதலும் குறையாமல் சொல்லும் படங்கள் மிகக் குறைவு. 'ரயன்' படத்தின் நார்மண்டிக் கடற்கரைக் காட்சி போர்ப் படங்களின் போக்கையே மாற்றியது, சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரம் நமக்குப் பழக்கமான பாதையில்தான் நடக்கிறது. நகைச்சுவை என்றால் இளப்பம், போர் என்றால் கனம் என்று எடை போடுவதை நான் ஏற்கவில்லை. பிரச்சாரம் அசிங்கமானது. படம் அப்படியில்லை.

'டிரைவிங் மிஸ் டெய்சி' மேல் ஏன் இத்தனை கோபம்?

அது மோசமான படம் இல்லை. ஜெசிக்கா டாண்டியும் மார்கன் ஃப்ரீமனும் அருமையாக நடித்திருக்கிறார்கள். கோபம் அந்த ஆண்டின் மேல்.

1989இல் ஸ்பைக் லீயின் 'டு தி ரைட் திங்' வந்தது. புரூக்ளினில் ஒரு தெரு, கடும் வெயிலில் ஒரே நாள். நிறவெறியைப் பற்றி ஒரு படம் எவ்வளவு நேர்மையாக இருக்க முடியுமோ அவ்வளவு நேர்மை. பார்வையாளருக்கு ஆறுதல் சொல்லி வீட்டுக்கு அனுப்பாத படம். அதற்குக் கிடைத்தவை இரண்டே பரிந்துரைகள், திரைக்கதைக்கும் துணை நடிகருக்கும். சிறந்த படத்துக்கான ஐந்தில் அது இல்லை. விழா மேடையிலேயே நடிகை கிம் பேசிங்கர், இந்தப் பட்டியலில் இருக்க வேண்டிய ஒரு படம் இல்லை என்று அதன் பெயரைச் சொல்லி வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் துணிச்சலுக்கு இன்றும் தலைவணங்குகிறேன்.

வென்றது, வயதான வெள்ளைக்கார அம்மாளுக்கும் அவருடைய கறுப்பின ஓட்டுநருக்கும் இடையே மலரும் நட்பின் கதை. அதன் இயக்குநர் புரூஸ் பெரஸ்ஃபோர்டுக்குப் பரிந்துரைகூட இல்லை.

இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2018இல், அதே கதை தலைகீழாக வந்தது. கறுப்பின இசைக்கலைஞரும் வெள்ளைக்கார ஓட்டுநரும். 'கிரீன் புக்'. இதற்கும் இயக்குநர் பரிந்துரை இல்லை. இசைக்கலைஞர் டான் ஷெர்லியின் குடும்பத்தினரே படம் காட்டும் உறவை மறுத்திருந்தார்கள். போட்டியில் அல்ஃபோன்சோ குவாரோனின் 'ரோமா' இருந்தது. ஸ்பைக் லீயின் 'பிளாக்கிளான்ஸ்மேன்' படமும் இருந்தது. அறிவிப்பைக் கேட்டதும் லீ எழுந்து வெளியேற முயன்றார். யாராவது யாருக்காவது கார் ஓட்டினால் நான் தோற்றுவிடுகிறேன் என்று பிறகு செய்தியாளர்களிடம் சொன்னார். அரங்கம் சிரித்திருக்கும், எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதருக்கு ஒரே காயம்.

எல்லாவற்றிலும் தகுதி குறைந்தது எது? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

'கிராஷ்', 2005.

லாஸ் ஏஞ்சலஸில் ஒன்றரை நாளுக்குள் பல இனத்தவர் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளும் கதை. எல்லோரும் தங்கள் வெறுப்பை வாய்விட்டு அறிவிக்கிறார்கள். எல்லோரும் எல்லோரையும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். இந்தக் குறைகளைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், பொறுக்க முடியாதது ஒரு காட்சி.

முதல் இரவில், மேட் டில்லன் நடித்த காவலர் ஒரு காரை நிறுத்துகிறார். சோதனை என்ற பெயரில் கணவன் கண்ணெதிரே மனைவியின் உடலைத் தடவி அவமானப்படுத்துகிறார். மறுநாள் அதே பெண்ணின் கார் விபத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, பெட்ரோல் ஒழுகுகிறது. மீட்க ஊர்ந்து உள்ளே போகிறவர் அதே காவலர். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் அலறுகிறாள். அந்த அலறல் மட்டும் உண்மை. அதன் பிறகு இசை எழும்புகிறது, அவளை அவர் இழுத்து வெளியே கொண்டுவருகிறார், நெருப்பு பின்னால் வெடிக்கிறது. அவள் திரும்பி அவரைப் பார்க்கும் பார்வையில் படம் அவருக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பெண்ணின் அவமானம் அந்தக் காவலரின் மீட்சிக்கு விலையாகச் செலவழிக்கப்படுகிறது. அவளுக்கு என்ன ஆனது என்று படம் பிறகு கவலைப்படவில்லை. நிறவெறி என்பது சிலருக்கு வரும் கெட்ட கோபம், ஒரு நல்ல காரியம் செய்தால் கழுவிப் போய்விடும் என்று சொல்லும் படத்தை எந்த ஆண்டிலும் சிறந்த படமாக ஏற்க மாட்டேன்.

அது வென்றது ஆங் லீயின் 'புரோக்பேக் மவுண்டன்' படத்தை. அதன் முடிவை நினைத்துப் பாருங்கள். இறந்துபோன காதலன் ஜாக்கின் அலமாரியில் என்னிஸ் இரண்டு சட்டைகளைக் கண்டெடுக்கிறான். எப்போதோ தொலைந்துவிட்டதாக நினைத்த தன் சட்டை, ஜாக்கின் சட்டைக்குள் செருகப்பட்டு ஒரே கொக்கியில் தொங்குகிறது. கடைசிக் காட்சியில் அவை என்னிஸின் வீட்டில் தொங்குகின்றன. இப்போது வரிசை மாறியிருக்கிறது: வெளியே இருப்பது என்னிஸின் சட்டை, உள்ளே ஜாக்கின் சட்டை. யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. கவனித்தவர்களுக்கு மட்டும் தெரியும், அவன் இப்போதுதான் அணைத்துக்கொள்கிறான் என்று.

ஒரு படம் எல்லாவற்றையும் கத்திச் சொல்கிறது, இன்னொன்று இரண்டு சட்டைகளால் சொல்கிறது. சிறந்த இயக்குநர் விருதை ஆங் லீக்குக் கொடுத்துவிட்டுப் படத்துக்கான விருதை மறுத்தார்கள். மேடையில் உறையைப் பிரித்த ஜாக் நிக்கல்சனே வியந்துபோனது படப்பதிவில் தெரிகிறது.

'கிராஷ்' படத்துக்கு ஆதரவே இல்லையா?

இருக்கிறது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2005இன் சிறந்த படமாக அதைத்தான் தேர்ந்தெடுத்தார். அவர் மேல் எனக்கு மதிப்பு அதிகம், இந்த ஒன்றில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. படத்தின் இயக்குநர் பால் ஹாகிஸே பத்து ஆண்டுகள் கழித்து, அந்த ஆண்டின் சிறந்த படம் அதுவென்று தான் நினைக்கவில்லை என்ற கருத்தைத் தெரிவித்தார். 2015இல் 'ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' இதழ், ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாடமியின் உறுப்பினர்களிடம் பழைய போட்டிகளுக்கு மறுபடி வாக்களிக்கச் சொன்னபோது 'புரோக்பேக்' வென்றது.

இப்படிப்பட்ட முடிவுகள் எப்படித்தான் வருகின்றன?

வாக்கு எண்ணும் முறையைப் பார்த்தால் பாதி புரியும். 2009க்கு முன் பல பத்தாண்டுகளாக ஐந்து படங்கள், ஆளுக்கு ஒரு வாக்கு, அதிக வாக்கு பெற்ற படத்துக்கு விருது. வாக்குகள் சமமாகச் சிதறினால் நூற்றுக்கு இருபத்தொன்று வாங்கிய படம்கூட வென்றுவிடும். மீதி எழுபத்தொன்பது பேருக்கு அது பிடிக்காமலே இருக்கலாம்.

2008இல் 'தி டார்க் நைட்' பட்டியலில் இடம்பெறாதது பெரிய விமர்சனத்தைக் கிளப்பியது. 2009 போட்டியிலிருந்து பட்டியல் பத்துப் படங்களாக விரிந்தது. இடையில் சில ஆண்டுகள் எண்ணிக்கை மாறி, இப்போது மீண்டும் பத்து. கூடவே விருப்ப வரிசை முறை வந்தது. வாக்காளர் படங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவார். பாதிக்கு மேல் முதலிடம் பெற்ற படம் இல்லையென்றால், மிகக் குறைந்த முதலிடம் பெற்ற படத்தை நீக்கிவிட்டு அந்தச் சீட்டுகளை அவற்றின் அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். நூறு சீட்டுகளில் ஒரு படத்துக்கு 40, இன்னொன்றுக்கு 35, மூன்றாவதுக்கு 25 என்று வையுங்கள். மூன்றாவது நீங்குகிறது. அந்த 25 பேரில் 20 பேர் அடுத்ததாக இரண்டாவது படத்தை எழுதியிருந்தால் அது 55ஐத் தொட்டு வென்றுவிடும், முதலில் முன்னிலையில் இருந்தது தோற்கும்.

இதனால் சிலர் வெறித்தனமாக நேசித்துச் சிலர் வெறுக்கும் படம் அடிபடும். யாருக்கும் பெரிய ஆட்சேபம் இல்லாத படம் மேலே வரும். 'கிரீன் புக்' வென்றதற்கு இந்த முறையைக் காரணம் காட்டுகிறார்கள். ஆனால் இதே முறையில்தான் 'மூன்லைட்' வென்றது, 'பாரசைட்' வென்றது. முறையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றது என்றெல்லாம் சொல்கிறார்களே?

நம்பாதீர்கள். அகாடமி வாக்கு எண்ணிக்கையை வெளியிடுவதே இல்லை.

வாக்களிப்பவர்கள் எல்லாப் படங்களையும் பார்க்கிறார்களா?

நெடுங்காலம் பார்க்க வேண்டிய கட்டாயமே இல்லை. ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்தவர்களே அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம் என்ற விதியை 2025இல்தான் அறிவித்தார்கள். முதல் விழா நடந்து தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்குப் பிறகு! பார்க்காத படத்துக்கு எதிராக வாக்களிப்பது எத்தனை கலைஞர்களின் உழைப்பை மண்ணாக்கியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

தவறான விருதால் உண்மையில் யாருக்கு நஷ்டம்?

கடன் அடுத்தவர் தலையில் விழுகிறது. 1980இல் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் 'ரேஜிங் புல்' தோற்றது, 1990இல் அவருடைய 'குட்ஃபெல்லாஸ்' தோற்றது. ஸ்கோர்செசிக்கு இயக்குநர் விருது ஆறாவது பரிந்துரையில், 2006இன் 'தி டிபார்ட்டட்' படத்துக்குத்தான் கிடைத்தது. கொப்போலா, ஸ்பீல்பெர்க், லூகாஸ் மூவரும் மேடையேறி அதைக் கொடுத்தார்கள். அந்த இரவு எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவருடைய மிகச் சிறந்த படங்களுக்கு உரிய நேரத்தில் கொடுத்திருந்தால், அந்த ஆண்டின் போட்டியை அந்த ஆண்டின் படங்களை மட்டும் வைத்துத் தீர்மானித்திருக்கலாம். ஹிட்ச்காக்குக்கு அந்தத் தாமதமான கடன்கூடத் தீர்க்கப்படவில்லை. 'ரெபெக்கா' 1940இன் சிறந்த படமானது, இயக்குநர் விருது வேறொருவருக்குப் போனது. போட்டியில் வென்ற இயக்குநர் விருது அவருக்குக் கடைசிவரை இல்லை.

நானும் இந்த வாதத்தில் இறங்க வேண்டும். எந்தப் படங்களிலிருந்து தொடங்கலாம்?

ஜோடி ஜோடியாகப் பாருங்கள், வென்ற படத்தை முதலில். தோற்றதை முதலில் பார்த்தால் அடுத்ததைக் கோபத்தோடு பார்ப்பீர்கள், அது நியாயமில்லை. 1952க்கு சர்க்கஸ் படம், பிறகு 'ஹை நூன்'. 1989க்கு 'டெய்சி', பிறகு 'டு தி ரைட் திங்'. 2005க்கு 'கிராஷ்', பிறகு 'புரோக்பேக்'. 1941 ஜோடியைக் கடைசிக்கு வையுங்கள், அதில்தான் முடிவு சொல்வது கடினம். இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள். முதல் படத்தில் எந்தக் காட்சி மறுநாள் காலையிலும் கண்ணில் நிற்கிறது என்று எழுதி வைத்துக்கொண்ட பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள்.